குதிரையின் மூட்டுக்கு எந்தச் சத்துப்பொடி?

கேள்வி: என் குதிரைக்கு வயது 17, காயடிக்கப்பட்ட ஆண். எடை 480 கிலோ இருக்கலாம். ஆறு மாதங்களாகக் காலையில் லாயத்தை விட்டு வெளியே வரும்போது பின்னங்கால்களை விறைப்பாக வைத்து நடக்கிறது. பத்து நிமிடம் நடத்தினால் சரியாகிவிடுகிறது. இடது பின்னங்கால் குளம்பின் நுனி மட்டும் தேய்கிறது. மருத்துவர் ஒரு வலிமருந்து கொடுத்தார். அதைத் தொடர்ந்து கொடுக்க மனம் வரவில்லை. இப்போது மஞ்சள்தூளும் நாள்தோறும் இரண்டு கைப்பிடி பூண்டுத்தூளும் தருகிறேன். குளுக்கோசமைன் பொடி ஒன்றும் டெவில்ஸ் கிளா எனும் மூலிகைச் சாறு ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். நண்பர் 22 பொருள்கள் அடங்கிய இயற்கைப் பொடி ஒன்றைச் சிபாரிசு செய்கிறார். இயற்கையானது என்பதால் பக்கவிளைவே இல்லை என்கிறார். மூன்றின் டப்பாக்களிலும் ஒட்டியுள்ள சீட்டுகளின் படங்களையும் இணைத்துள்ளேன். எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்று மாதத்தில் ஒரு தாண்டுதல் போட்டியும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று சீட்டுகளையும் பெரிதாக்கிப் படித்தேன். ஆனாலும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது, இடது பின்னங்கால் குளம்பின் நுனி மட்டும் தேய்கிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. இரண்டு பின்னங்கால்களும் காலையில் விறைத்துக்கொள்வதை வயதான குதிரைகளில் நாள்தோறும் பார்க்கிறோம். ஒரு கால் மட்டும் நுனியை இழுத்துக்கொண்டு வந்தால், அந்தக் காலில் ஏதோ ஓரிடம் மடங்கத் தயங்குகிறது என்று பொருள். அந்த இடம் எது என்று தெரியாதவரை, எந்தப் பொடி நல்லது என்ற கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அதனால் டப்பாக்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீங்களே செய்யக்கூடிய ஒன்று. மணல் தளத்தில் இருபது தப்படி நீளத்துக்கு மணலை வாரிச் சமன் செய்துகொள்ளுங்கள். காலையில் குதிரையை லாயத்திலிருந்து அவிழ்த்தவுடன், வேறெங்கும் நடத்தாமல், கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி அந்த மணலின் மேல் ஒரு முறை நடத்துங்கள். பிறகு குனிந்து தடங்களைப் பாருங்கள். நல்ல கால் பதிந்த இடத்தில் குளம்பின் வட்டம் மட்டும் தெரியும். தயங்குகிற கால் வந்த வழியில், வட்டத்துக்கு முன்னால் ஒரு விரல் அகலத்தில் மணல் கீறப்பட்டிருக்கும். அந்தக் கீறல்களை எண்ணி, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பதினைந்து நிமிட நடைக்குப் பின் மணலை மறுபடி வாரிவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். லாடம் அடிப்பவர் பழைய லாடத்தைக் கழற்றும்போது அதை எறிந்துவிடாமல் வாங்கிவைத்து, இடது லாடத்தின் முன்விளிம்பையும் வலது லாடத்தின் முன்விளிம்பையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். இந்த நோட்டும் இரண்டு லாடங்களும் பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும்.

நீங்கள் விவரித்துள்ளபடி, விறைப்பாகத் தொடங்கி நடக்க நடக்க இளகுவதும் குளம்பு நுனி தேய்வதும் சேர்ந்து வந்தால், பின்னங்காலின் நடுவே பின்புறமாகக் கூர்ந்து நிற்கும் ஹாக் மூட்டில்தான் என் முதல் சந்தேகம் விழும். ஹாக் என்பது ஒரே மூட்டு போலத் தோன்றினாலும் அடுக்கடுக்காக அமைந்த பல மூட்டுகளின் தொகுதி. மேலடுக்குதான் பெரும்பாலான அசைவைச் செய்கிறது, கீழிரண்டு அடுக்குகள் மிகக் குறைவாகவே நகர்ந்து, தாண்டும்போதும் திரும்பும்போதும் வரும் அழுத்தத்தையும் முறுக்கையும் தாங்குகின்றன. தேய்மானம் பெரும்பாலும் இந்தக் கீழடுக்குகளில்தான் வருகிறது. சில குதிரைகளில் ஆண்டுக்கணக்கில் அந்த எலும்புகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டி முடிந்ததும் வலியும் பெருமளவு அடங்கிவிடும். அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் காலத்தில் யாராவது ஒரு பொடியைக் கொடுத்தால், பெயர் அந்தப் பொடிக்குப் போய்விடும்.

ஆனால் ஹாக் என்று நான் ஊகிப்பது கடிதத்தை வைத்து மட்டுமே. அதே அடையாளங்களை முழங்கால் மூட்டும், இடுப்பும் முதுகுத்தண்டும் சேரும் இடமும், நரம்புத் தளர்ச்சியும் காட்டக்கூடும். மருத்துவர் குதிரையைக் கெட்டியான தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓடவிட்டுப் பார்ப்பார். மூட்டை ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடச்சொல்வார். தேவையானால் குறிப்பிட்ட மூட்டிலோ நரம்பிலோ மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, நொண்டல் எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு எக்ஸ்ரே எடுப்பார். இந்த வரிசை முக்கியம். வயதான குதிரையின் எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு கோளாறு தெரியாமல் இருக்காது. அது வலிக்கிறதா என்பதை ஊசிதான் சொல்லும். இந்த வயதில் இன்னொன்றையும் கேளுங்கள். உதிர வேண்டிய ரோமம் உதிராமல் நீண்டிருந்தாலோ, முதுகின் மேல்தசை வற்றியிருந்தாலோ, தண்ணீர் அதிகம் குடித்தாலோ, குஷிங் நோய் என்று வழங்கும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுக்கு இரத்தப் பரிசோதனை தேவை. 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் அது அரிதானதன்று. அந்த நோயுள்ள குதிரையின் குளம்புக்குள் லாமினைட்டிஸ் எனும் அழற்சி மெல்லத் தொடங்கும்போது, அதுவும் விறைப்பான நடையாகவே வெளியே தெரியும். அப்போது மூட்டுப்பொடி கொடுத்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து.

வலிமருந்தைப் பற்றி. அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பயந்துகொண்டு பாதி அளவாகக் குறைத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஃபினைல்பியூட்டசோன் போன்ற மருந்துகள் நீண்ட நாள் கொடுத்தால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் சிறுநீரகத்திலும் தொல்லை தரும் என்ற உங்கள் கவலை நியாயமானது. அந்தக் கவலையை மருத்துவரிடமே சொல்லுங்கள். இரைப்பைக்குச் சற்று மென்மையான ஃபைரோகாக்சிப் இருக்கிறது. குறிப்பிட்ட மூட்டுக்குள் நேரடியாகப் போடும் ஊசி இருக்கிறது. வலிமருந்து ஊனமுற்ற மூட்டை ஏமாற்றி ஓடவைக்கிறது என்று சிலர் வருந்துகிறார்கள். வலியோடு நிற்கும் குதிரை அசைவதைக் குறைத்துக்கொள்கிறது, தசை வற்றுகிறது, தசை வற்றியபின் மூட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது. அதனால் அளவாக அடக்கப்பட்ட வலி, மூட்டுக்கே நன்மை செய்கிறது.

இனி டப்பாக்கள்.

குளுக்கோசமைனும் கான்ட்ராய்டினும் குருத்தெலும்பை உருவாக்கும் பொருள்களின் கட்டுமானத் துணுக்குகள். துணுக்கை ஊட்டினால் கட்டடம் எழும் என்பதுதான் இந்த வகைப் பொடிகளுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சோதனைச்சாலையில் குருத்தெலும்புத் துண்டுகளின் மேல் குளுக்கோசமைனை ஊற்றிப் பார்த்தபோது சிதைவு குறைந்ததும் உண்மை. தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், வாய்க்கும் மூட்டுக்கும் இடையிலுள்ள வழியில். குருத்தெலும்பில் இரத்தக்குழாய் கிடையாது. மூட்டுநீரிலிருந்து ஊறி வருவதை வைத்துத்தான் அது பிழைக்கிறது. குதிரை விழுங்கும் குளுக்கோசமைனில் நூற்றுக்கு ஆறு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இரத்தத்துக்குப் போகிறது என்று அளந்திருக்கிறார்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிலோ உடல் எடைக்கு 20 மில்லிகிராம் என்ற வழக்கமான அளவைக் கொடுத்து மூட்டுநீரை எடுத்துப் பார்த்தபோது, அங்கே எட்டிய செறிவு, சோதனைச்சாலையில் பலன் தந்த செறிவைவிட 500 மடங்குக்கும் கீழாக இருந்தது. அழற்சியுள்ள மூட்டில் சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது என்பது பின்னால் தெரிய வந்தது. இருந்தாலும் இடைவெளி பெரிது.

உயிருள்ள குதிரைகளில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளுக்கோசமைன் சார்ந்த பொடிகளைப் பற்றிய 15 ஆய்வுகளை 2009-இல் ஒருசேர எடைபோட்டுப் பார்த்தவர்கள், பெரும்பாலானவற்றின் தரம் முடிவு சொல்லப் போதாது என்று எழுதினார்கள். 2014-இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வில், 24 முதிய குதிரைகளில் ஒரு பகுதிக்குக் குளுக்கோசமைனும் கான்ட்ராய்டினும் எம்.எஸ்.எம். எனும் கந்தகச் சேர்மமும் கலந்த பொடியையும் மறுபகுதிக்கு வெறும் பொடியையும், எது எதற்கு என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி மூன்று மாதம் கொடுத்தார்கள். நடையின் விறைப்பில் பொடியால் வந்த நன்மை எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு இந்தப் பொடி விஷம் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமான அளவில் குளுக்கோசமைன் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை. வலியைக் குறைக்கும் என்ற நம்பிக்கையை மட்டும் அதன் மேல் ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

என் சொந்தக் கதையும் ஒன்று உண்டு. என்னிடம் இருந்த வயதான பெண் குதிரைக்கு இரண்டு ஆண்டுகள் இதே வகைப் பொடியைக் கொடுத்து, அதனால்தான் நன்றாக நடக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு முறை பொடி தீர்ந்து, புதியது வர ஏழு வாரம் ஆகிவிட்டது. லாயத்தைப் பார்த்துக்கொண்டவர் நாள்தோறும் நடையைப் பற்றி ஒரு வரி எழுதி வைப்பவர். பொடி நின்றது அவருக்குத் தெரியாது. அந்த ஏழு வாரக் குறிப்புகளில் எந்த மாற்றமும் இல்லை. குதிரைக்குப் போலி மருந்தில் மயங்கத் தெரியாது; பார்க்கிற நமக்குத் தெரியும்.

உங்கள் குளுக்கோசமைன் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 1,500 மில்லிகிராம் என்றும், நாளொன்றுக்கு ஒரு கரண்டி என்றும் போட்டிருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மனிதர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நாளளவு அது. 70 கிலோ மனிதருக்கு அது கிலோவுக்கு ஏறக்குறைய 21 மில்லிகிராம். அதே கணக்கில் 480 கிலோ குதிரைக்குப் பத்து கிராமுக்கு மேல் வேண்டும். அதாவது ஒரு கரண்டி போதாது, ஏழு கரண்டி. ஆய்வுகளில் கொடுத்த அளவே ஐயத்துக்குரிய பலனைத் தந்திருக்கும்போது, அதில் ஏழில் ஒரு பங்கைக் கொடுத்து என்ன எதிர்பார்க்க முடியும்? சீட்டில் எழுதிய அளவாவது உள்ளே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 2006-இல் குதிரைகளுக்கான 23 குளுக்கோசமைன் தயாரிப்புகளைச் சோதித்தபோது, அவற்றில் ஒன்பதில் சீட்டு சொன்னதைவிடக் குறைவாகவே இருந்தது; சிலவற்றில் பெயருக்குத்தான் இருந்தது. மருந்துக்கு உள்ள கண்காணிப்பு பெரும்பாலும் சத்துப்பொடிக்கு இல்லாததால் வரும் நிலை இது. ஒவ்வொரு தொகுப்புக்கும் எண் இட்டு, வெளி ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைக் கேட்டவுடன் அனுப்பும் தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால், அதுவே உங்களுக்கான பதில்.

நண்பர் சொன்ன 22 பொருள் பொடியின் சீட்டை இதே கண்ணோடு பாருங்கள். நாளளவு 20 கிராம். அதை 22 பேர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குச் சராசரியாக ஒரு கிராம்கூட வரவில்லை. அதிலும் முதலிடத்தில் இருப்பது சர்க்கரைப்பாகும் ஆப்பிள் சுவையும். மற்றவை ‘எங்கள் தனிக் கலவை’ என்ற ஒரே வரிக்குள் அளவின்றி மறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாத பொடியை மருத்துவரால் மருந்தோடு சேர்த்து எடைபோட முடியாது. பலன் கிடைத்தாலும் எதனால் என்று தெரியாது, கெடுதல் வந்தாலும் எதனால் என்று தெரியாது. இந்த டப்பாவைத் திறக்க வேண்டாம்.

இயற்கை என்ற சொல்லைப் பற்றி இங்கேயே பேசிவிடலாம். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது; கான்ட்ராய்டின் மாட்டின் மூச்சுக்குழலிலிருந்தோ சுறாவின் குருத்தெலும்பிலிருந்தோ வருகிறது; எம்.எஸ்.எம். செடிகளிலும் கொஞ்சம் உண்டென்றாலும், டப்பாவில் வருவது தொழிற்சாலையில் செய்தது. புல் தின்னும் பிராணிக்கு நண்டு ஓடு எந்த வகையில் இயற்கை என்று நான் அவ்வப்போது யோசிப்பதுண்டு. இருக்கட்டும். இயற்கையாகக் கிடைக்கும் பொருள் என்பதால் அளவு மீறலாம் என்று எண்ணுவதுதான் கெடுதி. செலினியம் மண்ணிலும் புல்லிலும் இருப்பது. குதிரைக்கு அது கட்டாயம் தேவை, ஆனால் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் போதும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு போலோ அணியின் 21 குதிரைகள் சில மணி நேர இடைவெளியில் மடிந்தன. போட்டிக்கு முன் ஊசியாகப் போட்ட சத்துக்கலவையில் செலினியத்தின் அளவு தவறிப்போனதுதான் காரணம். வாய்வழிப் பொடியில் அப்படி ஒரே நாளில் நேராது. ஆனால் தீவனத்தில் ஒன்று, தாது உப்பில் ஒன்று, மூட்டுப்பொடியில் ஒன்று என்று மூன்று வழியில் செலினியம் சேர்ந்தால் மாதக்கணக்கில் கூடி, பிடரி ரோமமும் வால்ரோமமும் உதிர்ந்து, குளம்பு வெடிக்கும். நண்பரின் பொடியில் செலினியமும் இருக்கிறது, கடற்பாசியும் இருக்கிறது. கடற்பாசியில் அயோடின் மிகுதி. அதிகமானால் தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும்.

டெவில்ஸ் கிளா தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் விளையும் செடி. அதன் கிழங்கு போன்ற வேரில் உள்ள ஹார்பகோசைடு எனும் பொருளுக்கு அழற்சியை அடக்கும் குணம் உண்டு. நீங்கள் கேட்ட மூன்றில் மருந்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அதனாலேயே அதைத் தரவேண்டாம் என்கிறேன். ஏற்கெனவே வலிமருந்து வாங்கும் குதிரையின் இரைப்பையில் இன்னொரு அழற்சியடக்கியை ஏற்றுவது புண்ணுக்கு வழிவிடும். சினையுற்ற குதிரைக்கும் அது ஆகாது. இரண்டாவது காரணம் உங்கள் போட்டி. ஹார்பகோசைடு சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. வில்லோ மரப்பட்டையிலிருந்து உடலில் உண்டாகும் சாலிசிலிக் அமிலத்துக்கு வரம்பு உண்டு. வலேரியன் வேரும் கூடாது. மிளகாயின் காரமான கேப்சைசினும் கூடாது: 2008 ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது நான்கு தாண்டுதல் குதிரைகளிடம் அது கண்டுபிடிக்கப்பட்டு, நார்வே அணி வெண்கலப் பதக்கத்தையே இழந்தது. மிளகாய் இயற்கையானதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. உங்கள் போட்டி சிறியதாக இருக்கலாம். இருந்தாலும் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்து, நீங்கள் கொடுக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் அமைப்பாளரின் மருத்துவரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கோகோ உமி கலந்த தீவனத்திலிருந்தே தடைசெய்யப்பட்ட தியோபுரோமின் எனும் ஊக்கப்பொருள் இரத்தத்துக்கு வந்துவிடுவதுண்டு. அந்த அளவுக்கு இந்தச் சோதனைகள் நுட்பமானவை.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சள்தூளில் அழற்சியை அடக்குவதாகச் சொல்லப்படும் குர்குமின் எனும் பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதிலும் குடல் உறிஞ்சிக்கொள்வது அற்பம். சிறிதளவு கொடுப்பதில் பெருந்தீங்கு இல்லை. மூட்டைக் காப்பாற்றும் என்பதற்குக் குதிரைகளில் உறுதியான சான்றும் இல்லை. அது நன்றாக ஏறட்டும் என்று சிலர் மிளகைச் சேர்க்கிறார்கள். மிளகிலுள்ள பொருள் மற்ற மருந்துகள் உடலில் கழியும் வேகத்தையும் மாற்றக்கூடியது. வலிமருந்து வாங்கும் குதிரைக்கு அது வேண்டாத விளையாட்டு.

கொஞ்சமேனும் நம்பிக்கை தருபவை என்று நான் கருதுபவை இரண்டு மூன்றுதான். மீன் எண்ணெயிலும், கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளின் எண்ணெயிலும் உள்ள நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்புகளைக் கொடுத்தால் அவை மூட்டுநீர்வரை சென்று சேர்வதும், மூட்டுத் தேய்மானமுள்ள குதிரைகளின் மூட்டுநீரில் வெள்ளணுக்கள் குறைவதும் காணப்பட்டிருக்கின்றன. பசும்புல்லில் ஒமேகா-3 நிறைய உண்டு. காய்ந்த புல்லில் அது பெருமளவு போய்விடுகிறது. ஆளிவிதையிலும் அது இருக்கிறது, ஆனால் அந்த வகையைக் குதிரையின் உடல் நீள்சங்கிலி வகையாக மாற்றுவது மிகக் குறைவு. அவகாடோ, சோயா எண்ணெய்களிலிருந்து எடுக்கப்படும் ஒரு சாற்றை 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் சோதித்தார்கள். நொண்டல் குறையவில்லை, ஆனால் குருத்தெலும்பின் அரிப்பு குறைவாக இருந்தது. இது ஒரு விசித்திரமான முடிவு. கண்ணுக்குத் தெரியாத பலனுக்காகப் பணம் செலவிடலாமா என்று ஒவ்வொருவரும்தான் தீர்மானிக்க வேண்டும். நியூசிலாந்தின் பச்சை உதட்டு மட்டியின் சாறு கணுமூட்டு நொண்டலைக் குறைத்ததாக 2012-இல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. அது அந்த ஒரு சாற்றுக்குத்தான் பொருந்தும், அந்தப் பெயரைச் சீட்டில் போட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

நோயறிதல் முடிந்து மருத்துவரும் ஒப்புக்கொண்டால், ஒரே ஒரு பொருளை மட்டும் சோதித்துப் பாருங்கள். நுண்பாசி எண்ணெயிலிருந்து தொடங்குவது என் விருப்பம். தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் மணற்கீறல்களை எண்ணி எழுதுங்கள். பிறகு பத்து வாரம் அந்த ஒன்றை முழு அளவில் கொடுங்கள். அந்தப் பத்து வாரத்தில் லாடத்தின் வகையையோ தரையையோ சவாரியின் அளவையோ வலிமருந்தின் அளவையோ மாற்றினால் கணக்கு குழம்பிவிடும். தவிர்க்க முடியாமல் மாற்ற நேர்ந்தால் நோட்டில் குறித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதே இடத்தில், அதே நேரத்தில், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். கடைசியில் அந்தக் காணொளிகளைத் தேதி தெரியாதபடி கலைத்து, குதிரை தெரிந்த ஒருவரிடம் காட்டி, நல்ல நடையிலிருந்து மோசமான நடைவரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அவர் தரும் வரிசை தேதி வரிசையோடு ஒத்துப்போனால் தொடருங்கள். இல்லாவிட்டால் நிறுத்திவிட்டு, நிறுத்திய பின்னும் நான்கு வாரம் எண்ணுங்கள்.

இதற்கெல்லாம் ஆகும் செலவில் ஒரு பங்கை வேறு இடத்தில் போட்டால் பலன் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் அனுபவம். 480 கிலோ என்பது உங்கள் மதிப்பீடு என்கிறீர்கள், அளந்துவிடுங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றியுள்ள அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். மார்பு 186, நீளம் 165 என்றால் ஏறக்குறைய 480. விலாவின் மேல் விரல்களை வைத்துத் தடவினால், லேசான அழுத்தத்திலேயே எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் மிகையான எடை இருக்கிறது. அந்தச் சில பத்துக் கிலோக்களை இறக்குவதைப் போல மூட்டுக்கு நன்மை செய்யும் பொடியை நான் கண்டதில்லை. அதற்காக முழுப் பட்டினி போட்டுவிடாதீர்கள். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது உலர்புல் கிடைக்காவிட்டால் இரைப்பையில் புண் வரும்.

குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை செதுக்க வேண்டும். நுனி நீண்டுவிட்ட குளம்பு, கால் தரையை விட்டு எழும் கடைசிக் கணத்தைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தின் சுமை ஹாக் மூட்டில் ஏறும். லாடம் அடிப்பவரிடம் பழைய லாடங்களைக் காட்டி, நுனியைச் சற்று உள்ளிழுத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். நண்பர் ஒருவரின் குதிரை ஒரு பொடியால் மூன்றே வாரத்தில் குணமாயிற்று என்று கேட்டு விசாரித்தபோது, அதே வாரத்தில்தான் லாடக்காரரும் மாறியிருந்தார். அடுத்தது அசைவு. இரவு முழுதும் நான்கு சுவருக்குள் நின்ற குதிரைதான் காலையில் விறைக்கிறது. திறந்தவெளியில் தானாக உலவும் குதிரைக்கு அந்தத் தொல்லை குறைவு. முடிந்த மணி நேரமெல்லாம் வெளியே விடுங்கள். சவாரிக்கு முன் கால்மணி நேரம் நடையாக மட்டும் கொண்டுபோங்கள். சிறிய வட்டங்களையும் கெட்டித் தரையில் ஓட்டத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

போட்டியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், காரணம் தெரியாத ஒருபக்க நொண்டலோடு மூன்று மாதத்தில் தாண்டவிடுவதை நான் ஒப்பமாட்டேன். நோயறிதல் முடிந்து, சிகிச்சையில் கீறல்கள் குறைந்து, மருத்துவர் கெட்டித்தரை ஓட்டத்தில் பார்த்துச் சரி என்று சொன்னால் அப்போது யோசியுங்கள். வலிமருந்து எத்தனை நாள் முன்பு நிறுத்தப்பட வேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

எஞ்சியிருப்பது பூண்டு. நீங்கள் எழுதியதில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது இதுதான். கடைசியில் வைத்தேன் என்பதற்காக இதைக் கடைசியில் செய்யாதீர்கள். பூண்டிலுள்ள கந்தகப் பொருள்கள் குதிரையின் சிவப்பணுக்களைத் தாக்கி, அவற்றுக்குள் ஹைன்ஸ் உடலங்கள் எனும் புள்ளிகளை உண்டாக்கி, அணுக்கள் உடைந்து இரத்தச்சோகை வரச் செய்யும். கனடாவில் 2005-இல் வெளியான ஆய்வில், உலர்த்திய பூண்டைக் கிலோவுக்கு 0.2 கிராமுக்கு மேல் நாளுக்கு இரு வேளை தின்ற குதிரைகளுக்கு இது நேர்ந்தது. உங்கள் குதிரையின் எடைக்கு அது வேளைக்கு 96 கிராம் அளவில் வருகிறது. உங்கள் கைப்பிடி எத்தனை கிராம் என்று நான் அறியேன். அதைத் தராசில் வைத்துப் பார்த்து மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். பூண்டை இன்றே நிறுத்திவிட்டு, ஈறு வெளிறியிருக்கிறதா, சிறுநீர் கருத்திருக்கிறதா, வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைக்கிறதா என்று பாருங்கள். நொண்டலுக்காக மருத்துவர் வரும்போது இரத்தமும் எடுக்கச் சொல்லி, சிவப்பணு எண்ணிக்கையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.